மாற்றுப்பாலும் துணைப்பாலும்: மைசூர் ஆய்வுக்கூடத்துக் குழந்தை உணவின் வரலாறும் தமிழ் மரபும்

முன்னுரை

தாய்ப்பாலே ஊட்டுவது என்று உறுதி கொண்ட பெண்ணுக்கும் மகப்பேற்றுக்கு முன்பே எழும் ஐயம் ஒன்றுண்டு. பால் சுரவாவிடில், சுரந்தும் போதாவிடில், என் செய்வது என்பதே அது. அவ்வையத்தின் பயனாக ஒரு டப்பா பால்மாவை முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று நகர்ப்புறக் குடும்பங்களில் காணப்படுகிறது. முற்றிலும் தாய்ப்பாலுக்கு ஈடாகக் கொடுக்கப்படுவதை மாற்றுப்பால் என்றும், தாய்ப்பாலோடு உடன் நிறுத்தப்படுவதைத் துணைப்பால் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. இவ்விரண்டும் பொருளால் ஒன்றே. ஒரே டப்பாவிலிருந்து எடுக்கப்படுவன. பயன்படுத்தும் முறையாலும், அம்முடிவை யார் எப்போது எடுக்கிறார் என்பதாலுமே அவை வேறுபடுகின்றன.

இந்திய மண்ணில் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறை மைசூர் நகரில் உருவாயிற்று. அவ்வரலாற்றைத் தமிழிலக்கியமும் வழக்காறும் தரும் பாலூட்டல் செய்திகளோடு இணைத்து நோக்கித் துணைப்பாலின் இடம் யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியத்தில் பாலற்ற மார்பு

பால் போதாமை புதிய சிக்கலன்று. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் எடுத்துரைக்கிறார். நெடுநாள் சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலற்று வற்றிய மார்பைச் சுவைக்குந்தோறும் குழந்தை அழுகிறது. அக்குழந்தையின் முகத்தைத் தாய் நோக்குகிறாள். 160ஆம் பாடலில் பெருஞ்சித்திரனாரும் இத்தகைய காட்சியைக் காட்டுகிறார். அங்கே பால் பெறாத சிறுவன் வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகிறான்.

இவ்விரு பாடல்களையும் வறுமைச் சித்திரங்களாகவே நாம் பெரிதும் படித்துவந்துள்ளோம். பாலூட்டல் வரலாற்றுக்கும் இவை சான்றாவன. புலவர் குமணனிடம் கேட்பது குழந்தைக்கு வேறொரு பாலன்று. குடும்பம் உண்பதற்கான பொருள். பால் வற்றியதற்குக் காரணம் அடுப்பு எரியாமை. அடுப்பு எரிந்தால் தாய் உண்பாள். தாய் உண்டால் சேய்க்குப் பால் கிடைக்கும். குறை நேர்ந்தவிடத்துத் தாயை முதலில் நோக்குதல் என்னும் ஒழுங்கு இப்பாடல்களில் அமைந்திருத்தல் எண்ணத்தக்கது.

தாய் ஊட்ட இயலாதவிடத்து மரபு பிற வழிகளையும் அறிந்திருந்தது. ஐவகைத் தாயர் என மரபில் எண்ணப்படுவோருள் முலைத்தாயும் ஒருத்தி. ஈன்றவள் வேறாகவும் பாலூட்டுபவள் வேறாகவும் இருத்தல் ஏற்கப்பட்டதோடு, பாலூட்டியவளுக்குத் தாய் என்னும் பெயரும் கிடைத்திருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணம் மற்றொரு வழியைக் காட்டுகிறது. சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளையாகிய திருஞானசம்பந்தர்க்கு உமையம்மை தம் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து ஊட்டுகிறார். இது அருள் நிகழ்ச்சியாகப் போற்றப்படுவது. அச்சமயப் பொருளுக்கு மாறின்றி இதிலுள்ள நடைமுறைச் செய்தியையும் குறிக்கலாம். தாய்ப்பாலைப் பிழிந்து கலத்திலிட்டுப் புகட்டுதல் என்பது 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கற்பனைக்கு அயலானதாக இருக்கவில்லை என்பதே அச்செய்தி.

பாலாடையும் சேனையும்

பாலாடை என்னும் சொல் காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏட்டைக் குறிப்பதோடு, குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குடைய சிறுகலத்தையும் குறிக்கும். சங்கு என்றும் இக்கலம் வழங்கும். கன்னட நாட்டில் இதற்கு ஒளலெ என்று பெயர். இன்று குறைமாதக் குழந்தைகளைப் பேணும் மருத்துவமனைப் பிரிவுகளில் பாலாடை பயன்படுகிறது. பன்னாட்டு மருத்துவ ஆய்வேடுகளிலும் இப்பெயராலேயே சுட்டப்படுகிறது. இரப்பர்க் காம்பும் நீண்ட கழுத்தும் உடைய புட்டியைக் காட்டிலும் வாயகன்ற இக்கலத்தைத் தூய்மை செய்தல் எளிது. பாட்டிமார் கையிலிருந்த ஒரு கலம் மருத்துவர் கைக்குச் சென்றமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எனினும் மரபு முழுவதையும் போற்றிவிடல் இயலாது. பிறந்த குழந்தையின் நாவில் சீனித் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைக்கும் சேனை வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. சீம்பாலைத் தீங்கெனக் கருதிப் பீய்ச்சி எறிந்தோரும் உண்டு. கழுதைப்பாலைச் சங்கில் வார்த்துப் புகட்டுதலும் வழக்காற்றில் உள்ளது. கழுதைப்பால் புரதம் குறைந்தும் பாற்சர்க்கரை மிகுந்தும் இருப்பதால் பசு, எருமைப் பாலினும் மனிதப்பாலுக்கு நெருங்கியது என்று பாலியலார் கூறுவர். ஆயினும் காய்ச்சாத பாலால் நோய் பரவும் இடர் அதனால் நீங்கிவிடாது. தாய்ப்பாலுக்கு முன்பாக வேறொன்றைக் கொடுத்தல் என்னும் பழக்கம் டப்பாப் பாலோடு வந்ததன்று. முன்பே இருந்த ஒரு வெற்றிடத்தில் டப்பாப் பால் எளிதாக அமர்ந்துகொண்டது எனலாம்.

டப்பாப் பாலின் வருகை

ஐரோப்பாவில் 1860களில் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் என்னும் செருமானிய வேதியியலார் குழந்தைகளுக்கான செயற்கை உணவை வகுத்தார். 1867இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த உணவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூசிலாந்தில் தோன்றிய கிளாக்சோ முதலிய பால்மாக்கள் இந்திய நகரங்களை எட்டின. அரசு அலுவலர், வழக்கறிஞர், வணிகர் இல்லங்களில் இறக்குமதி டப்பா வசதியின் அடையாளமாயிற்று.

இவ்விற்பனையின் மறுபக்கத்தை முதலில் உரக்கச் சொன்னோருள் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரைக்கு அவர் 'பாலும் கொலையும்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். தூய நீரும் எரிபொருளும் இல்லாத வீடுகளில் டப்பாப் பாலைப் பரப்புதல் குழந்தைகளின் உயிரைப் போக்குவதாகும் என்பது அவர் வாதம். அவர் கண்டித்தது பாலை மட்டுமன்று. தேவையற்றோர்க்கும் தேவையுண்டு என்று நம்பவைத்த விற்பனை முறையையுமாகும்.

மைசூரில் எருமைப்பால்

1950 அக்டோபரில் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. மைசூர் அரச குடும்பத்து இளவரசி ஒருவர்க்கென எழுந்த செலுவாம்பா மாளிகை அதற்கு இடமாயிற்று. அந்நகரின் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையும் செலுவாம்பா என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரே பெயரின்கீழ் ஓரிடத்தில் குழந்தை பிறக்க, மற்றோரிடத்தில் குழந்தைக்கான உணவு ஆராயப்பட்டது.

நிறுவனத்தின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் உயிர்வேதியியல் துறையில் பணியாற்றியவர். மைசூர்ப் பணிக்குப் பின் காவிரிப் படுகையில் நெல் பதப்படுத்தல் ஆய்வுக்கும் அடித்தளம் இட்டவர். பஞ்சமும் போர்க்காலப் பங்கீடும் நினைவில் பசுமையாக இருந்த காலத்தில், கிடைப்பதைக்கொண்டு ஊட்டமளித்தல் என்பதே அவருடைய ஆய்வுகளின் பொதுநோக்காக இருந்தது.

1950களின் பிற்பகுதியில் நாட்டின் அந்நியச் செலாவணி பெரிதும் குறைந்தது. குழந்தை உணவை இறக்குமதி செய்தல் கடினமாயிற்று. உள்நாட்டில் செய்யலாமெனின், இந்தியாவில் கறக்கப்படும் பாலில் பெரும்பகுதி எருமைப்பால். அது குழந்தைக்கு ஆகாது என்னும் கருத்து அயல்நாட்டு வல்லுநரிடை நிலவிற்று. அக்கருத்து முற்றிலும் அடிப்படையற்றதன்று. மனிதப்பாலில் புரதம் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம். எருமைப்பாலில் ஏறத்தாழ 4 கிராம். கொழுப்பும் எருமைப்பாலில் ஏறத்தாழ இருமடங்கு, பாற்சர்க்கரையோ குறைவு. எல்லாவற்றினும் மேலாக, எருமைப்பால் வயிற்றில் திரளும்போது அத்திரள் கடினமாக இறுகுகிறது. குழந்தையின் மெல்லிய குடல் அதனைச் செரித்தல் அரிது.

எம்.ஆர். சந்திரசேகரா, எம். சுவாமிநாதன் முதலியோர் சுப்பிரமணியனுடன் இணைந்து இச்சிக்கலை ஆராய்ந்தனர். எவ்வகைப் பக்குவம் எருமைப்பால் திரளின் இறுக்கத்தைத் தளர்த்தும் என்பது அவர்களுடைய அடிப்படை வினா. கொழுப்பைக் குறைத்தல், சர்க்கரையால் புரதச் செறிவைத் தணித்தல், உயிர்ச்சத்துகளும் இரும்பும் சேர்த்தல், உலர்த்திப் பொடியாக்கல் எனச் செய்முறை வளர்ந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரில் 1946இல் தோன்றிய கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம், மைசூரின் இத்தொழில்நுட்பத் துணையுடன் அமுல் குழந்தை உணவை வணிக அளவில் உருவாக்கிற்று. 1960களில் அது நாடெங்கும் பரவியது. இறக்குமதி டப்பாவின் இடத்தை உள்நாட்டு உழவர் கறந்த பால் பிடித்தது. தற்சார்பு நோக்கில் இது பெருவெற்றியே.

மைசூர் ஆய்வாளர் பதிலீடு செய்ய முயன்றது அயல்நாட்டு டப்பாவை, தாயின் பாலையன்று. தாயற்ற குழந்தைக்கும், பால் கிடையாத குழந்தைக்கும், இறக்குமதி நின்றால் ஏதுமற்றுப்போகும் நிலைக்கும் விடையாகவே அம்முயற்சி அமைந்தது. ஆயினும் கடைக்கு வந்த டப்பா அவ்வெல்லையைத் தானாகக் காத்துக்கொள்ளவில்லை.

குன்னூர்ச் சான்று

மைசூரிலிருந்து மலையேறினால் எட்டும் தொலைவில் நீலகிரியின் குன்னூர் உள்ளது. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் அதே பத்தாண்டில் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் ஏழைச் சமூகத் தாய்மாரின் பாற்சுரப்பை ஆராய்ந்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார். குறையுணவு உண்ட தாய்மாரும் நெடுங்காலம் பாலூட்டினர் என்பதும், அவர்தம் பாலில் புரதம் பெரிதும் குறையவில்லை என்பதும், உயிர்ச்சத்துகள் சிலவே குறைந்தன என்பதும் அவ்வாய்வின் சாரம்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். மைசூர் ஆய்வு தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு வழி கண்டது. குன்னூர் ஆய்வு தாய்ப்பால் இல்லை என்று கருதப்பட்ட தாயிடம் அது இருந்ததைக் காட்டிற்று. தாயை ஊட்டினால் சேய்க்குப் பயனாகும் என்னும் பெருந்தலைச் சாத்தனாரின் உள்ளக்கிடக்கைக்கு ஆய்வுக்கூடச் சான்றும் ஒருவகையில் அரணாயிற்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கடும்பட்டினியிற்பட்ட குடும்பத்தைப் புலவர் பாடினார். கோபாலன் கண்டது நாள்பட்ட குறையுணவு. முன்னதில் பால் வற்றலாம். பின்னதில் பெரும்பாலும் வற்றுவதில்லை.

'அமுல் பேபி' என்னும் வழக்கு

கொழுகொழுவென இருக்கும் குழந்தையை 'அமுல் பேபி' எனச் சுட்டுதல் தமிழ்ப் பேச்சில் நிலைத்துவிட்ட ஒன்று. வளர்ந்தவரைக் கேலி செய்யவும் அது பயன்படுகிறது. தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைக்கும் டப்பாவின் பெயரே பாராட்டாகிறது. நலமுள்ள குழந்தை என்பதன் அளவுகோலை விளம்பரம் மாற்றியமைத்தது என்பதற்கு இதனினும் தெளிந்த மொழிச்சான்று வேண்டுவதில்லை. பால்மா ஊட்டாத தாய் தன் மெலிந்த, ஆயினும் நலமான, குழந்தையைப் பார்த்து ஐயுறுவதற்கு இத்தகைய சொற்களும் காரணமாகும்.

சட்டத்தின் சொற்கள்

1970களில் வளரும் நாடுகளில் பால்மா விற்பனை பற்றிய எதிர்ப்பு பன்னாட்டு அளவில் எழுந்தது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனை பற்றிய பன்னாட்டு நெறிமுறையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டுமே. இந்தியா 1983இல் தன் தேசிய நெறிமுறையை வெளியிட்டு, 1992இல் குழந்தைப்பால் மாற்றுகள், பாற்புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டத்தை இயற்றிற்று. அது 1993 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தப்பெற்றது.

மொழி ஆய்வாளர் நுணுகிப் பார்க்கத்தக்க கூறுகள் இச்சட்டத்தில் உள்ளன. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தலையும் இலவச மாதிரி வழங்கலையும் அது தடுக்கிறது. டப்பாவின்மீது குழந்தை உருவமோ பெண் உருவமோ இருத்தல் கூடாது. 'மனிதப்பாலாக்கப்பட்ட', 'தாய்ப்பாலாக்கப்பட்ட' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களும் அவற்றை ஒத்த பிறவும் அச்சிடப்படல் ஆகாது. உவமையால் ஒரு பண்டத்தைத் தாயாக்கும் மொழிச்செயலைச் சட்டம் இனங்கண்டு விலக்கியுள்ளது. டப்பாவிலிருந்து குழந்தை உருவம் நீங்கிற்று. 'அமுல் பேபி' மட்டும் பேச்சில் எஞ்சி நிற்கிறது.

துணைப்பாலைப் பொறுத்தவரை மேலும் இரு விதிகள் கருதத்தக்கன. தாய்ப்பாலுக்குப் பகுதியாகவோ முழுமையாகவோ ஈடாக முன்வைக்கப்படும் உணவு என்றே குழந்தைப்பால் மாற்று வரையறுக்கப்படுகிறது. எனவே 'துணைக்கு மட்டும்' என்று விற்கப்படுவதும் சட்டத்திற்கு உட்பட்டதே. குழந்தை உணவூட்டல் பற்றிய அறிவுறுத்தல் நூல்கள் எவையும், புட்டிப்பாலைப் பகுதியாக மேற்கொள்வதால் தாய்ப்பாலூட்டலுக்கு நேரும் தீங்கையும், சிலகாலம் மாற்றுப்பால் கொடுத்தபின் தாய்ப்பாலுக்கு மீள்வதன் அருமையையும் விளக்குதல் வேண்டும் எனவும் சட்டம் பணிக்கிறது. சட்டமியற்றியோர் அஞ்சியது முழு மாற்றை மட்டுமன்று; துணையாக நுழைந்து மாற்றாக நிலைப்பதையுமாம்.

துணை மாற்றாகும் வழி

இவ்வச்சத்திற்கு உடலியல் அடிப்படை உண்டு. குழந்தை சப்புந்தோறும் சுரப்புத் தூண்டப்படுகிறது. மார்பு வெறுமையாகுந்தோறும் பால் மீளச் சுரக்கிறது. ஒருவேளைப் பால்மா புகட்டினால் அவ்வேளைக்குரிய சப்புதல் குறைகிறது. சப்புதல் குறையச் சுரப்புக் குறைகிறது. சுரப்புக் குறைந்ததைக் கண்ட தாய் மேலும் ஒருவேளை பால்மாவை நாடுகிறாள். பிறந்த முதற்சில நாள்களில் சீம்பால் சிறிதளவே சுரத்தல் இயல்பு. அதனைப் போதாமை எனப் பிறழ உணர்ந்து டப்பாவைத் திறப்பதே பெரும்பாலும் இச்சுழற்சியின் தொடக்கமாகிறது. கைக்கெட்டும் தொலைவிலுள்ள டப்பா இப்பிறழ்வுணர்ச்சிக்கு எளிதில் வழிவிடுகிறது.

ஆயினும் துணைப்பால் இன்றியமையாத இடங்களும் உள. தாய் இறந்துபடல், தாய் உட்கொண்டே ஆகவேண்டிய சில கடுமருந்துகள், பாற்சர்க்கரையின் ஒரு கூறான காலக்டோசை ஏற்காத பிறவிக்கோளாறு ஆகியவற்றில் தாய்ப்பால் கிடைப்பதில்லை, அல்லது கொடுத்தல் ஆகாது. இறுதியிற் குறித்த கோளாறுக்குப் பாற்சர்க்கரை இல்லாத தனிவகை உணவே வேண்டும். பொதுப் பால்மாவும் அதற்கு ஆகாது. உடலியற் காரணத்தால் போதிய பால் சுரவாத தாய்மாரும் ஒரு சிலர் உளர். இத்தகையோரைக் குற்றவுணர்ச்சிக்கு ஆளாக்குதல் அறமாகாது. எடை தொடர்ந்து குறையும் குழந்தைக்கு உணவை மறுத்துக் கொள்கையைக் காத்தல் நன்றன்று.

2002இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற உலகளாவிய உத்தி, தாய் நேரே ஊட்ட இயலாதபோது கொள்ளத்தக்க வழிகளாகத் தாயின் பிழிந்த பால், நலமுள்ள செவிலியின் பால் அல்லது தாய்ப்பால் வங்கி, கிண்ணத்தால் புகட்டும் மாற்றுப்பால் ஆகியவற்றைக் கூறி, தேர்வு அவரவர் சூழலைப் பொறுத்தது என்கிறது. புட்டியினும் கிண்ணமே பாதுகாப்பானது என்றும் சுட்டுகிறது. இவற்றைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டால் பொருத்தம் விளங்கும். பிழிந்த பாலுக்குச் சீகாழியின் பொற்கிண்ணம். செவிலியின் பாலுக்கு முலைத்தாய். பிறபால் புகட்டலுக்குப் பாலாடை. முலைத்தாயின் இடத்தை இன்று தாய்ப்பால் வங்கி ஏற்றுள்ளது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் அமைந்தது. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் இத்தகைய வங்கிகள் பின்னர்த் தோன்றின. தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015இல் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகளும், தாயை முதலில் நோக்குதல் என்னும் பழைய ஒழுங்கின் புதிய வடிவமாகும்.

பால்மா தேவைப்படுமிடத்து அதனைப் பக்குவப்படுத்தும் முறையும் உயிர்நிலையானது. பால்மாப் பொடி கிருமியற்ற பண்டமன்று. காய்ச்சிய நீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத வெம்மையில் இருக்கும்போதே பொடியைக் கலந்து, ஆற்றி, உடன் புகட்டுமாறு 2007இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. டப்பா நெடுநாள் வருதல் வேண்டி நீரை மிகுத்துக் கலக்கும் வறுமைப் பழக்கம் குழந்தையை மெல்லப் பட்டினியிடுவதாகும். ஆறு திங்கள் அளவும் டப்பா வாங்கும் பொருளும், தூய நீரும், எரிபொருளும் உண்டா என்பதையும் சேர்த்தே தேர்வு அமைதல் வேண்டும்.

முடிவுரை

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு திங்களுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 2015–16இல் 54.9 விழுக்காட்டினர், 2019–21இல் 63.7 விழுக்காட்டினர். வளர்ச்சி உண்டு, எனினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குழந்தைகட்கு வேறேதோ ஒன்று புகட்டப்படுகிறது. பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால் பெற்றோர் பிற்கூறிய ஆய்வில் 41.8 விழுக்காட்டினரே. சேனைத் தண்ணீரின் இடம் முற்றும் ஒழியவில்லை என்றே இதனைக் கொள்ளல் வேண்டும்.

மைசூர் ஆய்வாளரின் உழைப்பு மதிக்கத்தக்கது. அவர்கள் வகுத்த பால்மா எத்தனையோ தாயற்ற குழந்தைகட்கு உணவாகியிருக்கும். அதனைத் துணையாகக் கொள்வதா மாற்றாகக் கொள்வதா என்பதை ஆய்வுக்கூடம் வரையறுத்தல் இயலாது. தாய்க்கு உணவும் ஓய்வும் தேர்ந்தவர் துணையும் முதலில் கிடைத்தனவா, பிழிந்த பாலும் பிறர் பாலும் முயன்று பார்க்கப்பட்டனவா, குழந்தையின் எடையை நோக்கிய மருத்துவர் தேவை என்றாரா என்னும் வினாக்களுக்குப் பின்னர்த் திறக்கப்படும் டப்பா துணைப்பால். இவ்வினாக்கள் எழுமுன்பே அச்சத்தாலோ விளம்பரத்தாலோ திறக்கப்படுவது மாற்றுப்பாலாக முடிகிறது. மகப்பேற்றுக்கு முன்னரே செய்யத்தக்க முன்னேற்பாடு யாதெனின், டப்பா வாங்கி வைத்தலினும் இவ்வினாக்களுக்கு விடை தரவல்லவர் யாவர் என அறிந்து வைத்தலே ஆகும். அழும் குழந்தையின் முகத்தை நோக்கும் தாயை நோக்குதல் என்னும் புறநானூற்றுப் பார்வை இதற்கு இன்றும் வழிகாட்டுவதாகும்.